அறிவழகன் கேட்காத ஐயாயிரம் ஃபியூஸ் கட்டை

எங்கள் முதலாளி தர்மராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்பெனிக்கு எந்தக் கடிதம் வந்தாலும், காலை பத்து மணி டீயின்போது, பதினாலு பேர் முன்னால் அதை உரக்கப் படித்தாக வேண்டும். மறுநாளைக்குள் பதில் போயாக வேண்டும். எப்போதோ ஒரு கிளார்க் ஒரு ஆர்டர் கடிதத்தை மறைத்துப் பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டானாம். அன்றிலிருந்து அவருக்கு மூடிய கவர் என்றாலே ஆகாது. மண் பிசைகிற ஆள் முதல் பார்சலுக்கு வைக்கோல் சுற்றுகிற பெண்கள் வரை எல்லோரும் டம்ளரும் கையுமாக நிற்பார்கள், நான் நடுவில் நின்று படிப்பேன்.

நான் பானுமதி. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் தர்மராஜ் செராமிக்ஸ் ஆபீஸ் என்றால் அது நான்தான். டைப் அடிப்பது, பார்சல் அனுப்புவது, முதலாளிக்கு பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்துவது எல்லாம் என் தலையில். எங்கள் சரக்கு பீங்கான் ஃபியூஸ் கட்டை. உங்கள் வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக மாட்டியிருக்குமே, அதுதான்.

2009இல் சேலத்துக் கண்காட்சிக்குப் போன முதலாளியின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். தொழில் செய்கிறவர்களுக்கென்றே நெட்டில் ஒரு தளம் இருக்கிறது, அதில் படத்தோடு பெயர் பதிந்தால் ஆர்டர் கொட்டும் என்று. வந்த கையோடு என்னை ஸ்டூடியோவுக்கு அனுப்பி, நீலப் புடவையில், கையில் ஒரு 32 ஆம்பியர் கட்டையோடு படம் எடுக்க வைத்தார். கட்டையைக் கைக்குழந்தை மாதிரி பிடிக்கச் சொன்னவன் ஸ்டூடியோக்காரன். பெயருக்குக் கீழே 'எக்ஸ்போர்ட் மேனேஜர்' என்று போடச் சொன்னவர் முதலாளி. நாங்கள் ஏற்றுமதி செய்த அதிகபட்ச தூரம் புதுச்சேரி.

பத்து நாளில் இருபத்து மூன்று பேர் எழுதினார்கள். முதலாளி பூரித்துப் போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்து, தமிழில் சொல்வது என் வேலை. முதல் நாள் டீயோடு நாக்பூர்க்காரன் ஒருவனின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். அங்கே வைத்துத்தான் முழுசாகப் பார்த்தேன். 'உங்கள் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதிரில் பேக்கிங் ஆதிலட்சுமி அக்கா, வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அவளுக்குப் பின்னால் பதின்மூன்று பேர். என்ன செய்வேன், சொல்லுங்கள்?

"நம்ம பொருளு ரொம்பப் பிடிச்சிருக்குதாம். ஏற்கெனவே யாராவது ஏஜெண்டு இருக்காங்களான்னு கேக்கறாங்க" என்றேன்.

"யாருமில்லன்னு போடு. இன்னைக்கே போடு. கூடவே விலைப்பட்டியலும் அனுப்பு" என்றார் முதலாளி.

போட்டேன். அதன் பிறகு எல்லாக் கண்ணராவிக்கும் இதேதான் நடந்தது. நிலா என்று எழுதியவனுக்கும் விலைப்பட்டியல், தேவதை என்று எழுதியவனுக்கும் விலைப்பட்டியல். முகத்தில் மஞ்சள் பூசினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று ஒரு கிழவர் யோசனை சொல்லியிருந்தார், அவருக்குப் பதினாறு பக்க கேட்லாக் போனது. இரண்டாவது விலைப்பட்டியலில் எல்லோரும் ஓடிப்போனார்கள். தொலைந்தது சனியன் என்று இருந்தேன்.

அப்போதுதான் அறிவழகன் எழுதினார்.

'வணக்கம். நான் திட்டக்குடி பக்கம் மங்களூர்க்காரன். ஓசூரில் ஒரு சுவிட்ச்போர்டு கம்பெனியில் பர்ச்சேஸ் அசிஸ்டெண்ட். ஊர் ஞாபகத்தில் விருத்தாசலம் என்று தேடினேன், உங்கள் படம் வந்தது. ஒரு ஃபியூஸ் கட்டையை இவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. உங்களோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. இது தப்பு என்றால் தயவுசெய்து பதில் போடாதீர்கள். நான் புரிந்துகொள்வேன்.'

தளத்தில் தமிழில் அடிக்க அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் படிக்கும்போது அது எனக்கு நம் பேச்சாகவே கேட்டது. டீ நேரத்தில், "ஓசூர் பார்ட்டி. 32 ஆம்பியர் கட்டை புடிச்சிருக்குதாம்" என்றேன்.

"ஓசூரா! சாம்பிள் போடு, சாம்பிள் போடு" என்று முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

பதில் போடாதீர்கள் என்று சொன்ன மனிதருக்கு மறுநாளே பதிலும் விலைப்பட்டியலும் பஸ் பார்சலில் ஒரு சாம்பிளும் போயின. ஆதிலட்சுமி அக்கா வைக்கோலை அப்படிச் சுற்றினாள், உள்ளே முட்டை வைத்திருந்தாலும் உடைந்திருக்காது.

இரண்டாவது கடிதம் வந்தது. 'கட்டை வந்து சேர்ந்தது. மத்தியானம் சாப்பிடும்போது எதிரில் வைத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குப் பைத்தியம் என்கிறார். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது.'

"சாம்பிள் டெஸ்டிங்ல இருக்குது. தினமும் மத்தியானம் டெஸ்ட்டு வைக்கிறாங்களாம்" என்று படித்தேன்.

"தினமுமா?" என்றார் நல்லமுத்து அண்ணன். சூளை அவர் பொறுப்பு. பெருமையில் அவர் டீயை ஆறவிட்டுவிட்டார். "தாங்கும். என் சரக்கு எத்தினி டெஸ்ட்டுக்கும் தாங்கும்."

மூன்றாவது கடிதத்தில் தனக்கு முப்பத்திரண்டு வயது என்றும், வாயால் பேச வராது, எழுதினால்தான் வரும் என்றும் எழுதியிருந்தார். "32 ஆம்பியர்தான் வேணும்னு உறுதியா இருக்காங்க" என்று படித்தேன். அன்றைக்கு முதலாளி விடவில்லை.

"உறுதின்னா எத்தினி? ஒரு நம்பர் போட்டிருப்பாங்களே, பாரு."

நான் நிமிர்ந்தேன். ஆர்டர் இல்லாமல் சூளை அணைந்து அன்றைக்குப் பதினெட்டு நாள். பேக்கிங் பெண்களுக்கு அரை நாள் வேலைதான் என்று முந்தின வாரமே சொல்லியாயிற்று. ஆதிலட்சுமி அக்கா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயில் அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஐயாயிரம்" என்றேன்.

நல்லமுத்து அண்ணன் சூளைக்கே ஓடினார். கற்பூரம் எங்கேயிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை, நான் கடிதத்தை மடிப்பதற்குள் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் ஆர்டர் ரத்து என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மண் வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் பதினாலு பேருக்கும் முழு வேலை. ஆதிலட்சுமி அக்கா எனக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு எந்த வாயால் சொல்வது?

தனியாக அவருக்கு ஒரு வரி எழுதி உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் முதலாளி அறையில், பாஸ்வேர்டு எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையில். நான் டைப் அடிக்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். சரி, ஒரு பிரவுசிங் சென்டர்கூட ஊரில் இல்லையா என்பீர்கள். இருந்தது. போகவும் செய்தேன். புதிதாக ஒரு கணக்குத் திறந்து, இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் அழித்துவிட்டு வந்தேன். 'உங்கள் கடிதங்களை எல்லாம் ஐயாயிரம் ஃபியூஸ் கட்டையாக மாற்றிவிட்டேன்' என்று ஒரு மனிதரிடம் எப்படி எழுதுவது? எழுதினால் அதோடு அவர் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் என்னால் தாங்க முடியாது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. முப்பது வயதாகிறது எனக்கு, இதைச் சொல்ல என்ன வெட்கம்?

நாலு, ஐந்து, ஆறு என்று வந்தன. ஓசூர் மழை, மாடியில் காயப்போட்ட சட்டையைக் குரங்கு தூக்கிப்போனது, ஊரில் தனியாக இருக்கும் அம்மா. எல்லாவற்றையும் டீயோடு டெலிவரி விவரமாக மாற்றிப் படித்தேன். பூதாமூரில் என் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றுவதற்கு முன்னால் அதே காகிதங்களை உள்ளபடி படித்தேன். ஒரு பக்கம் கட்டைகள் சூளையிலிருந்து வந்து அடுக்கடுக்காக நின்றன.

ஏழாவது கடிதம் இது: 'வியாழக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். உங்களை அம்மா பார்க்க வேண்டும். வீட்டு விலாசம் தெரியாததால் ஆபீசுக்கே வருகிறோம். அம்மாவுக்கும் உங்களுக்கும் சம்மதம் என்றால் பிறகு முறைப்படி உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.'

"வியாழக்கிழமை நேர்ல வராங்க" என்றேன்.

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

இந்த ஒரு தடவை நான் பொய்யே சொல்லவில்லை, சத்தியம். இன்ஸ்பெக்‌ஷன் என்று முடிவு கட்டியவர்கள் அவர்கள்தான். "கூட யாரு வராங்க?" என்றார் முதலாளி. "அவங்களுக்கு மேல உள்ளவங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை.

வியாழக்கிழமை காலை தொழிற்சாலை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் ஆதிலட்சுமி அக்கா போட்ட கோலம், முதலாளி கையில் பொன்னாடை, நல்லமுத்து அண்ணன் தலையில் படிய வாரிய எண்ணெய். ஐயாயிரம் கட்டையையும் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். அவர் ஒல்லியாக, காதுவரை பொத்தான் போட்டது மாதிரி ஒரு சட்டையில் இருந்தார். அவர் அம்மா சொர்ணாம்பாள் கையில் ஒரு தட்டு. அதில் மல்லிகைப் பூ, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

"எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பார்ட்டி பாத்தியா?" என்று முதலாளி நல்லமுத்து அண்ணன் காதில் சொன்னது எனக்கே கேட்டது. பொன்னாடையைக் கொண்டுபோய் அறிவழகன் தோளில் போர்த்தினார். அவர் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல இடம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்போல.

முதலாளி அவர்களை நேராகச் சரக்கிடம் கூட்டிப்போனார்.

"இதெல்லாம் என்னாத்துக்குங்க?" என்றார் சொர்ணாம்பாள்.

"எல்லாம் உங்களுக்குத்தாங்க. மொத்தம் ஐயாயிரம்."

அந்த அம்மா மகன் பக்கம் திரும்பி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏன்டா, சீரு இப்பவே அடுக்கி வச்சிட்டாங்களே! இத்தினி கட்டய வச்சிக்கிட்டு நாம என்னாடா பண்றது? நம்ம வூட்டுல இருக்கறதே ரெண்டு லைட்டு."

முதலாளிக்கு இது விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் பெரிய கம்பெனிப் பேச்சு என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். "நீங்களே தட்டிப் பாருங்கம்மா" என்று ஒரு கட்டையை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மா வாழ்நாள் முழுக்கச் சந்தையில் பானை தட்டி வாங்கியவர். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். விரல் மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். கணீரென்றால் வலது பக்கம். மந்தமாகக் கேட்டால் இடது பக்கம். இருபத்தைந்து கட்டை தட்டி மூன்றை ஒதுக்கினார். நல்லமுத்து அண்ணனுக்கு நெற்றியில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வழிந்தது.

"என்னா காது! பெரிய எடத்துல பொம்பளைங்கதான் இன்ஸ்பெக்‌ஷன் போல" என்று கிசுகிசுத்தார் முதலாளி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "அப்ப முடிச்சிடலாமுங்களாம்மா?" என்றார்.

"முடிக்கலாம். பொண்ண ஒரு தடவ கண்ணால பாத்துட்டு சொல்றேனே."

"எந்தப் பொண்ண?"

அப்போது டீ வந்தது. மணி பத்து.

நான் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தினமும் நிற்கிற இடத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் படித்திருக்க மாட்டேன்.

"மொதலாளி, இந்த ஏழு லெட்டரையும் திரும்பப் படிக்கிறேன். இந்தத் தடவ உள்ளத உள்ளபடி படிக்கிறேன்."

படித்தேன். பத்திரமாகப் பிடித்திருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை என்பதையும், எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடையாது என்பதையும், குரங்கையும், மழையையும், ஒரு வரி விடாமல் படித்தேன். ஆறாவது கடிதத்தில் ஒரு இடம் உண்டு. 'அம்மாவிடம் ஃபோனில் சாப்பிட்டாயா என்று கேட்டால் அதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. அம்மா தனியாக இருப்பது எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது.' அதைப் படித்தபோது சொர்ணாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசினதில்லிங்க இவன்" என்று ஆதிலட்சுமி அக்காவிடம் சொன்னார். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! இத்தினி நாளும் நாங்க டீ குடிச்சிக்கிட்டுக் கேட்டது இதத்தானா?" என்றாள்.

நல்லமுத்து அண்ணனுக்கு வேறு கவலை. "அப்ப அந்த டெஸ்ட்டு?"

"டெஸ்ட்டு இல்லண்ணே. சாப்பாடு."

முதலாளி கட்டைகளைப் பார்த்தார். "அப்ப ஐயாயிரம்?"

"அவங்க ஒண்ணுகூட கேக்கல. நான் சொன்னது."

திட்டுவார் என்று நினைத்தேன். வேலையை விட்டுப் போ என்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "பதினாலு பேரு முன்னால படிக்கச் சொன்னதே பொய் வந்துடக் கூடாதுன்னுதாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நானும் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன்.

அப்போதுதான் அறிவழகன் முதன்முதலாக வாய் திறந்தார். குரல் பாதியில் நின்று நின்று வந்தது. "எனக்கு வந்தது பூரா விலைப்பட்டியல்தாங்க."

"தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"தப்புன்னா பதில் போடாதீங்கன்னு எழுதினேன். மறுநாளே போட்டீங்க. ஒவ்வொரு தடவையும் மறுநாளே வந்துது. எனக்கு யாரும் மறுநாளே பதில் போட்டதில்லிங்க."

"அது கம்பெனி வழக்கம்."

"அப்படிங்களா" என்றார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இருங்க. போட்டது கம்பெனி. படிச்சது நான். வூட்டுக்குக் கொண்டுபோயி நூறு தடவ படிச்சேன். ஆனா இந்த ஐயாயிரத்தையும் வித்துக் குடுத்துட்டுத்தான் எதுக்கும் பதில் சொல்லுவேன். அது வரைக்கும் என்கிட்ட எதுவும் கேக்காதீங்க. ஒரு வருஷம்கூட ஆவும். இருக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் பொன்னாடையை அம்மாவிடம் கொடுத்தார். "பெண்ணாடத்துக்கு பஸ்ஸு எத்தினி மணிக்குங்க?"

"எதுக்கு?"

"அங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிகல் கடைங்க இருக்குது. நாளைக்குத்தான் எனக்கு டூட்டி. இன்னைக்குப் பூரா சும்மாதான் இருக்கேன்."

ஒரு பெட்டியை அவர் தூக்கினார், ஒன்றை நான் தூக்கினேன். சொர்ணாம்பாள் தட்டை எடுத்துக்கொண்டு தானும் வருவதாகக் கிளம்பினார். கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து முதலாளி கத்தினார்.

"ஏ பானு, பில் புக்க எடுத்துக்கிட்டுப் போம்மா!"

பெண்ணாடத்தில் முதல் கடையிலும் இரண்டாவது கடையிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது பரக்கத்துல்லா பாய் கடை. கரும்பு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நான் கட்டையை எடுத்து நீட்டி விலை சொன்னேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தோளில் வைத்தபடி வியர்த்து நிற்கும் மனிதரைப் பார்த்தார், தட்டோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தார்.

"இவரு யாரும்மா, உங்க கம்பெனி ஆளா?"

லோடுமேன் என்று சொல்லியிருக்கலாம். ஓசூர் பார்ட்டி என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு வருஷம் ஆகும் என்று சபதம் போட்டிருந்தேன். பெட்டியில் ஒரு கட்டைகூட இன்னும் குறையவில்லை.

"இல்ல பாய். நான் கட்டிக்கப் போறவரு" என்று அந்த லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னேன்.

பின்னால் அவர் தோளிலிருந்த பெட்டிக்குள் கட்டைகள் குலுங்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. பாய் மூன்று பேரையும் இன்னொரு முறை பார்த்தார்.

"சரிம்மா. இருவது கட்ட எறக்கிட்டுப் போங்க" என்றார்.